நேசன் அண்ணை ஏன் கை உயர்த்தினவர்?

வோட் கேட்டுக் கதவு தட்டுறது ஒரு விசித்திரமான தொழில்: விக்கிறதுக்குக் கையில ஒண்டும் இருக்காது, ஆனா வேண்டமாட்டன் எண்டு சொல்ல எல்லா வீட்டிலயும் ஒரு ஆள் இருக்கும். இன்சூரன்ஸ் விக்கப் போனவை, சீட்டுக்கு ஆள் பிடிக்கப் போனவை, நாடகத்துக்கு டிக்கெட் விக்கப் போனவை, நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்தான். பெல்லை அடிச்சுப்போட்டு, உள்ளுக்க ரீவீச் சத்தம் டக்கெண்டு குறையிறதைக் கேட்டுக்கொண்டு குளிருக்க நிண்ட ஆக்களுக்குத்தான் என்ர கதை விளங்கும்.

2009 ஐப்பசி. லண்டன் எட்மண்டனில எங்கட பகுதிக்கு ஒரு இடைத்தேர்தல் வந்தது. நிண்டவர் நேசன் அண்ணை. முந்தி ஒருமுறை கவுன்சிலரா இருந்து, அடுத்தமுறை தோத்தவர். அவர் கவுன்சிலரா இருந்த காலத்திலதான் நடக்க ஏலாத ஆக்கள் போய் இருக்கிற பகல் நிலையத்தை மூடினவை. மூடுவம் எண்டு கை உயர்த்தின ஆக்களில இவரும் ஒராள். கட்டடம் இன்னும் பூட்டிக் கிடந்தது. விக்கிறதோ திறக்கிறதோ எண்டு, புதுக் கவுன்சிலர் வந்தாப்பிறகு திரும்ப ஒரு வோட் நடக்க இருந்தது.

எனக்குக் காலமை பள்ளிக்கூடக் குசினியில வேலை, பின்னேரம் இந்தக் கதவு தட்டுற வேலை. "சம்பளமும் இல்லை, ஏனப்பா போறாய்?" எண்டு என்ர மனுசன் கேட்டார். உண்மையைச் சொல்லுறன், பிறத்தியார் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கிற ஆசைதான். வேற ஒரு கொள்கையும் இல்லை.

முதல் கேள்வி

கட்சிக்காரர் எனக்கு ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தவை. குப்பை வண்டியைப் பற்றிக் கேட்டால் இப்பிடிச் சொல்லு, பார்க்கிங்கைப் பற்றிக் கேட்டால் அப்பிடிச் சொல்லு எண்டு. நானும் பாடமாக்கிக்கொண்டு போனன். முதல் வீட்டில கதவு திறந்த ஐயா நோட்டீசை வாங்கவே இல்லை. "நேசன் எந்த ஊர்?" எண்டார். சொன்னன். "எந்தப் பள்ளிக்கூடம்?" எண்டார். அதையும் சொன்னன். மனுசன் ஒருக்கா மேல பாத்து யோசிச்சார்.

எனக்கு ஆவலாப் போச்சு. ஏதோ பெரிய விசயம் வரப்போகுது எண்டு வாயைப் பாத்துக்கொண்டு நிண்டன். ஐயா கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, குப்பை வண்டியைப் பிறகு பாப்பம். எங்கட பள்ளிக்கூடத்தோட மட்ச் விளையாடேக்க அவுட் குடுத்தாப்பிறகும் போகாமல் நிண்ட ஆள் அவர். நான் மறக்கேல்ல."

ரெண்டு நோட்டீஸ்

எங்களிட்ட ரெண்டு நோட்டீஸ் இருந்தது. இங்கிலீசில குப்பை வண்டி, தெருவிளக்கு, பார்க்கிங். தமிழில நாட்டுப் பிரச்சினை. ஊரில சண்டை முடிஞ்ச அந்த வருசம் சித்திரையும் வைகாசியும் எங்கட சனம் எப்பிடி இருந்தது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தினையோ வீட்டில இன்னும் சாமிப்படத்துக்குப் பக்கத்தில புதுப்படங்கள் மாட்டி இருந்தது. அங்க நிண்டு பார்க்கிங்கைப் பற்றிக் கதைக்க எனக்கு நாக்கு எழும்பாது.

ஒரு வீட்டில தாய்க்குத் தமிழ் நோட்டீசும் மகளுக்கு இங்கிலீசு நோட்டீசும் குடுத்தன். பிள்ளை யூனிவர்சிற்றியில படிக்கிறவள். தாயின்ர நோட்டீசை வாங்கி எழுத்துக் கூட்டி வாசிச்சாள், பிறகு தன்ரயை வாசிச்சாள், ரெண்டிலயும் இருக்கிற நேசன் அண்ணையின்ர படத்தைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தாள். நக்கல் இல்லை, அவளுக்கு உண்மையாவே அறிய வேணும்: "அன்ரி, இதில ஒராள் வின் பண்ணினால் மற்ற ஆள் என்ன செய்வார்?"

நோர்வே மாமா

எல்லாரிலயும் வடிவாக் கேள்வி கேட்டவர் நோர்வேயில இருந்து வந்து இஞ்ச கடை போட்டிருந்த ஒரு மாமா. உள்ளுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் உளுந்துவடையும் தந்து, சட்டத்தரணி மாதிரி விசாரிச்சார். "பகல் நிலையத்தை மூட ஏன் கை உயர்த்தினவர்? அங்க போன ஆக்கள் இப்ப எங்க போகினம்? இனி விக்கிற வோட் வந்தால் என்ன செய்வார்?" கட்சிக்காரர் எடுத்த பாடத்தில இது ஒண்டும் இல்லை. நான் வடையைக் கடிச்சன்.

இருந்தாலும் இப்பிடி ஒரு அக்கறையான மனுசனை விடலாமே? "மாமா, நான் எல்லாத்தையும் கேட்டுச் சொல்லுறன், வோட் மட்டும் எங்களுக்குத் தாங்கோ" எண்டன். பிரெஞ்சுப் பாஸ்போட்காரருக்குக் கவுன்சில் வோட் இருக்கு, ஐரோப்பிய யூனியனில இல்லாத நோர்வேக்காரருக்கு இல்லை எண்டது அண்டைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. மாமா சிரிச்சுக்கொண்டு இன்னொரு வடையை என்ர பக்கம் தள்ளினார்: "எனக்கு இஞ்ச வோட் இல்லைப் பிள்ளை. கேள்வி கேக்கிறதுக்குமோ பாஸ்போட் வேணும்?"

மைக் செட்

இடையில ஒரு இந்தியத் தமிழ்த் தம்பி. ஐ.ரி. வேலை, மதுரைப் பக்கம். கதவைத் திறந்தவர் என்னைப் பாக்கேல்ல, என்ர தோளுக்கு மேலால தெருவைப் பாத்தார். ஜீப் இல்லை, கொடி இல்லை, மாலை இல்லை. நனைஞ்ச கோட்டோட நேசன் அண்ணை மட்டும் எதிர் வீட்டு நாய்க்குப் பயந்து கேற்றுக்கு வெளியில நிண்டார். "அவர்தான் கேண்டிடேட்டா?" எண்டு தம்பி கேட்டார். ஓம் எண்டன். "பாவமா இருக்கு மேடம். ஒரு மைக் செட்டாவது வச்சுக் குடுங்க."

காருக்குள்ள

நோர்வே மாமாவின்ர கேள்வி எனக்கு மண்டைக்குள்ள குடைஞ்சுகொண்டே இருந்தது. திங்கள் காருக்குள்ள கேட்டன்: "அண்ணை, ஏன் கை உயர்த்தினனீங்கள்?" கட்சி முடிவு எண்டார். புதன் திரும்பக் கேட்டன். கட்டடம் பழசு, கூரை ஒழுகினது எண்டார். வெள்ளி கேக்க, கவுன்சிலில காசில்லை எண்டார். மூண்டும் சரியாத்தான் இருந்தது, ஆனா உண்மையான காரணத்தை ஆரும் கிழமைக்கு மூண்டுதரம் மாத்துவினமோ? எனக்குக் கோவத்தை விட ஆவல்தான் கூடினது. அதையும் சொன்னன். அண்ணை வைப்பரைக் கூட்டி விட்டார்: "நீர் எங்கட கட்சியோ, மற்றக் கட்சியோ?"

மலர் அக்கா வீடு

மலர் அக்காவின்ர மனுசனுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் விளங்காது, பேச்சும் நிண்டுபோச்சு. பகல் நிலையம் இருக்கேக்க காலமையில வான் வந்து ஏத்தும். அங்க ஒரு சைப்பிரஸ் கிழவரோட நாள் முழுக்க டாம் பலகையில காய் நகர்த்தி விளையாடுவாராம். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷையும் இல்லை, தேவையும் இல்லையாம். மூடினாப்பிறகு யன்னலுக்குப் பக்கத்தில கதிரை. அக்கா வேலையை விட்டுப்போட்டா. நான் நோட்டீசை நீட்ட, "வோட் வேணுமெண்டால் நேசனைக் கூட்டிக்கொண்டு வாரும்" எண்டு மட்டும் சொன்னா.

நேசன் அண்ணை ஒரு கிழமையா அந்தத் தெருவுக்கு வர மறுத்தார். கடைசியில நான் கோவிச்சு, "நீங்கள் வராட்டி நானும் நாளைக்கு வரமாட்டன்" எண்டாப்பிறகுதான் வந்தார். கதிரையில இருந்த மனுசனைப் பாத்ததும் மூண்டு காரணமும் அவருக்கு மறந்துபோச்சு. அக்கா கேட்டா: "என்ன நினைச்சுக்கொண்டு, தம்பி, கை உயர்த்தினனீர்?" "ஒண்டும் நினைக்கேல்ல அக்கா. பக்கத்தில இருந்தவர் உயர்த்தினார், நானும் உயர்த்தினன்" எண்டார் அண்ணை. அக்கா அடிப்பா எண்டுதான் நினைச்சன். அவா குசினிக்குப் போய்க் கேத்திலைப் போட்டா: "இப்பதான் ஒரு பதில் சொல்லியிருக்கிறீர். இருந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போம்."

கவுன்சில் மண்டபம்

நேசன் அண்ணை மயிரிழையில வெண்டார். கட்டடத்தை விக்கிற வோட் வந்த அண்டைக்கு, அறியிற ஆசையில நானும் கவுன்சிலுக்குப் போனன். பார்வையாளர் பக்கத்தில மலர் அக்கா. பக்கத்தில வீல் செயாரில அவவின்ர மனுசன், அயர்ன் பண்ணின சேட்டோட. நேரா முன்னுக்கு நேசன் அண்ணை. விக்கிறதுக்கு ஆதரவானவை கை உயர்த்துங்கோ எண்டினம். அண்ணையின்ர கட்சி முழுக்க உயர்த்தினது. பக்கத்தில இருந்தவர் அண்ணையை முழங்கையால இடிக்கிறதைக் கூட நான் கண்டன். அண்ணையின்ர கை மேசையில கிடந்தது. எதிர்ப்பு எண்டு கேக்க, வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு உயர்த்தினார்.

அப்பதான் எனக்குப் பக்கத்தில இன்னொரு கை எழும்பினது. மலர் அக்காவின்ர மனுசன்ர இடக்கை. மெல்ல மெல்ல, முழுசா மேல போய் நிண்டது. கவுன்சில் உத்தியோகத்தர் ஒருத்தர் குனிஞ்சு வந்து, பார்வையாளருக்கு வோட் இல்லை, கையை இறக்கச் சொல்லுங்கோ எண்டு எனக்கு மரியாதையாச் சொன்னார். முன்னுக்கு எண்ணி முடிச்சு, விக்கிறது எண்டு முடிவும் சொல்லிப்போட்டினம். கை அப்பிடியே நிண்டது. உத்தியோகத்தர் சொன்னதை அக்காவின்ர காதுக்குள்ள சொன்னன். அவா திரும்பிப் பாக்கேல்ல: "இவருக்கு ஒரு கைதான் பிள்ளை உயரும். அதையும் யோசிச்சுப்போட்டுத்தான் உயர்த்திறவர். எண்ணாட்டில் விடட்டும், இறக்கச் சொல்லாதேயும்."

நேசன் அண்ணை என்ன ஆள் எண்டு அறிய நான் எத்தினையோ கதவு தட்டினன்; எனக்கு விளங்கின அண்டைக்கே கட்சிக்கும் விளங்கிப்போட்டுது, அடுத்த எலெக்சனுக்கு வேற ஆள் தேடுகினமாம்.