குண்டுச் சிதறலோடு வெண்ணந்தூர் வரை

காலை 5.40, மோகனூர் பேருந்து நிலையம். நாமக்கல் போகும் வண்டி ஆறு பத்துக்குத்தான். ஆனாலும் என் வீட்டுக்காரர் அர்த்தநாரி என்னை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். பட்டாளத்தில் இருந்தது நாலு வருஷம். அந்த நாலு வருஷத்துக்காக நான் ஐம்பது வருஷமாக எல்லா பஸ்ஸுக்கும் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து கொசுக்கடி பட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் கக்கத்தில் ஒரு எக்ஸ்ரே உறை. என் கையில் தண்ணீர் பாட்டிலும், அண்ணன் வீட்டுக்கு ஒரு சீப்பு கற்பூரவல்லிப் பழமும்.

பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் இவருக்கு இடது தொடையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. மூன்று துண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது. போரில் காயம்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுக்கிறது. இவர் அதைக் கேட்டு வாங்கவே இல்லை. போன வருஷம், பட்டாளத்தில் இவரோடு இருந்த ஒருவர் போன் செய்து, "எனக்கு வந்துருச்சு, உனக்கு?" என்று கேட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து வீட்டில் தூக்கம் போய்விட்டது. பேரன் பேத்திகள் சட்டையில் எதைக் குத்திக்கொண்டு வந்தாலும் உற்று உற்றுப் பார்ப்பார்.

நாமக்கல் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருக்கும் பெண் தங்கமானவள். ஆனால் இவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காயத்தைப் பற்றிய வரி, ஒரு வருஷம் காவிரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது ஊறிக் கரைந்துபோயிருந்தது. எக்ஸ்ரேயில் இரும்பு தெரிகிறது; அது எப்படி உள்ளே போனது என்று எக்ஸ்ரே சொல்லாது. "அந்தக் காலத்துக் காகிதம் எதாவது வேணுமுங்க ஐயா. இல்லீன்னா அப்பவே உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணும். நாளைக்கு நாலு மணிக்குள்ள வந்தா இந்த மாசக் கட்டோட போயிரும்" என்று முந்தின நாள் போனில் சொல்லிவிட்டாள்.

போன் செய்தவரும் போன மாசம் போய்ச் சேர்ந்துவிட்டார்; அந்தக் காலத்தில் இவரைத் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஒருவர். வெண்ணந்தூரில் இருக்கும் என் அண்ணன் கந்தப்பன், வயது எண்பத்திரண்டு. சங்கடமே அங்கேதான். எழுபத்து நாலில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பட்டாளத்திலிருந்து வந்த மாப்பிள்ளை ஏன் விந்தி நடக்கிறார் என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். குண்டு பாய்ந்தது என்று சொன்னால் எவன் பெண் கொடுப்பான்? உள்ளே இருக்கும் இரும்பு ஊர்ந்து ஊர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும் என்று நம்பிய காலம் அது. அதனால் என் மாமனார், பையன் தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று ஒரே போடாகப் போட்டார். கல்யாணமாகி ஒரு வாரத்தில் இவர் என்னிடம் உண்மையைச் சொன்னார். நான் என் பிறந்த வீட்டில் மூச்சு விடவில்லை. என் அண்ணன் அன்றிலிருந்து இவரைத் 'தென்னமரம்' என்றுதான் கூப்பிடுகிறார். கல்யாணம், காதுகுத்து, எழவு வீடு, எங்கே பார்த்தாலும் 'வாங்க தென்னமரம்'தான். இப்போது அந்த மனிதரிடம் போய், நாங்கள் பொய் சொல்லிப் பெண் எடுத்தோம், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்க வேண்டும்.

காலை 6.10. நாமக்கல்லுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்குக் காசில்லாத சீட்டு, அவருக்குப் பதினான்கு ரூபாய். "நாட்டுக்குக் காலைக் குடுத்தவனுக்குக் காசு, கரும்பலகையில கிறுக்குனவளுக்கு ஓசி" என்று முணுமுணுத்தார். முப்பத்து நாலு வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியதற்குக் கிடைத்த மரியாதை இது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழி விடாமல் முன்னால் ஆடி ஆடிப் போனது. கண்டக்டர் எக்ஸ்ரே உறையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ஐயா, காலுக்கு என்னாச்சுங்க?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"தென்னமரத்துல இருந்து உழுந்துட்டேனுங்க" என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எதைத் திருத்துவதற்காக மூன்று பஸ் மாறிப் போகிறோமோ, அதையே முதல் பஸ்ஸில் இன்னும் ஒருவருக்குப் பரப்பியாகிவிட்டது. "பழக்கதோசம் புள்ள" என்றார்.

காலை 7 மணி, நாமக்கல். தலைக்கு மேலே மலைக்கோட்டை, கீழே இட்லிக்கடை. நாலு இட்லி நாற்பது ரூபாய். ஊர் உலகத்துக்கெல்லாம் முட்டை அனுப்பும் ஊரில் ஒரு ஆஃப்பாயில் பதினைந்து ரூபாய் என்கிறார்கள். கேட்டால், "முட்டை வெலை இல்லீங்க, கேஸ் வெலை" என்றார் கடைக்காரர். இவர் இரண்டு சாப்பிட்டார். பயம் வந்தால் இவருக்குப் பசிக்கும்.

7.45. ராசிபுரம் வண்டி, இருபத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். வழி நெடுக லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள். எலும்புக்கூடாக நிற்கும் லாரிகள் ஒரு பக்கம், பெயிண்ட் அடித்துப் பொட்டு வைத்த லாரிகள் மறுபக்கம். புதுச்சத்திரம் தாண்டியதும் கோழிப்பண்ணை நாற்றம் மூக்கைத் துளைத்தது. இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். சாமி கும்பிடுகிறாராக்கும் என்று காதைக் கொடுத்தேன். "மச்சான், ஒரு சின்ன விசயமுங்க... மச்சான், கோவிச்சுக்கப்படாது..." என்று ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டகளூர் கேட் வரை அந்த இரண்டு வரியைத் தாண்டவில்லை.

"பதக்கம் இல்லாமலே இத்தனை நாள் இருந்துட்டமே. திரும்பிப் போயிரலாமுங்களா?" என்று கேட்டேன்.

"செத்தாலும் தென்னமரத்துல இருந்து உழுந்தவன்னு சொல்லித்தான புள்ள தூக்கிட்டுப் போவாங்க" என்றார். நான் எக்ஸ்ரே உறையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

10.05. ராசிபுரத்தில் வண்டி மாறி, பத்து கிலோமீட்டர் தள்ளி வெண்ணந்தூர். அலவாய்மலை வெயிலில் பளிச்சென்று நின்றது. தெருவில் காலை வைத்ததுமே விசைத்தறிச் சத்தம். இங்கே யாரும் மெதுவாகப் பேச முடியாது, ரகசியம் சொல்வதாக இருந்தாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி போய்விட்டதால் எழுந்திருக்கவில்லை. "வாங்க தென்னமரம். வா அம்மிணி" என்றார். காபி வந்தது. முறுக்கு வந்தது. மழை, மஞ்சள் விலை, யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எல்லாம் பேசி முடித்தோம். மணி பத்தே முக்கால். நான் இவர் தொடையில் கிள்ளினேன், நல்ல தொடையில்தான்.

இவர் எழுந்து விறைப்பாக நின்றார். ஒத்திகை பார்த்த இரண்டு வரியும் பறந்துபோயிருந்தது. "மச்சான், நான் தென்னமரத்துல ஏறுனதே இல்லீங்க" என்றார், தறிச் சத்தத்துக்கு மேல்.

அண்ணன் டிவியை நிறுத்தினார். இவரை மேலும் கீழும் பார்த்தார். "அம்பது வருசமா மரத்து மேலயே உக்காந்திருந்தீங்க. இன்னிக்குத்தான் எறங்கி வந்திருக்கீங்க" என்றார்.

எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மிணி, பொண்ணு குடுக்கறதுன்னா விசாரிக்காம குடுத்துருவமா? மோகனூருக்கு நாலு நடை நடந்தேன். டீக்கடையில கேட்டேன், சலூன்ல கேட்டேன், கோயில்ல கேட்டேன். ஊரே தென்னமரங்குது. உம்பட மாமனாரு அத்தனை பேருக்கும் சொல்லி வெச்சிருக்காரு. கடைசியில மரம் ஏறுறவனைப் புடிச்சுக் கேட்டேன். மாப்ளைப் பையன் ஏணியில ஏறுனாலே தலை சுத்தி உழுந்துருவானுங்க, மரத்துல எங்க ஏறுறதுன்னான். எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. பள்ளிக்கூட வாத்தியார்கிட்ட இங்கிலீசுல எழுதி வாங்கி, பட்டாளத்துக்கே கடுதாசி போட்டேன்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பார்கள்; பங்காளிகளிடம் விசாரிப்பார்கள், பகையாளிகளிடம் விசாரிப்பார்கள். இந்திய ராணுவத்திடம் விசாரித்தவர் என் அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார்.

மருமகளைக் கூப்பிட்டு இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நிலத்துப் பத்திரங்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம். முத்திரை, தேதி, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் அப்படியே இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் படித்தேன். போர்முனையில் எதிரியின் பீரங்கிக் குண்டுச் சிதறலால் இடது தொடையில் காயம். முன்வரிசைப் பதுங்குகுழியில் இருந்தவர்களுக்குச் சோறு எடுத்துப் போகும்போது ஏற்பட்டது. குடிப்பழக்கம் கிடையாது. நன்றாகச் சமைப்பார்.

"அந்தக் கடைசி வரிக்காகத்தான் பொண்ணே குடுத்தேன்" என்றார் அண்ணன்.

ஐம்பது வருஷத்தில் இந்த மனிதர் எனக்கு ஒரு வெந்நீர் வைத்துக் கொடுத்ததில்லை. அதைக் கேட்கலாம் என்று திரும்பினால், இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "சோத்துக் குண்டானோட அடிபட்டேன்னு எப்புடிச் சொல்றது புள்ள? மத்தவனெல்லாம் துப்பாக்கியோட அடிபட்டான்" என்றார். என்னிடம் சண்டை என்று சொன்னார், குண்டு என்று சொன்னார். சோற்றைப் பற்றிச் சொன்னதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இவர் மேலா, ஐம்பது வருஷம் பெட்டியில் பூட்டி வைத்த அண்ணன் மேலா என்றுதான் தெரியவில்லை.

"அண்ணா, தெரிஞ்சுமா இத்தனை வருசம் தென்னமரம்னு கூப்புட்டீங்க?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னைக் குடுத்திருக்குமா? அதனால மூடி மறைச்சேன். அதுக்கப்பறம் மாப்ளையே வந்து ஒரு நாளைக்குச் சொல்லுவாருன்னு குத்திக்கிட்டே இருந்தேன். மனுசன் அசையவே இல்லையே" என்றார் அண்ணன். பிறகு இவரைப் பார்த்து, "ஏனுங்க மாப்ளே, அந்தச் சோத்தைக் கொண்டு போய்ச் சேத்துனீங்களா?" என்று கேட்டார்.

"சேத்திட்டேனுங்க மச்சான். பாதி சிந்திப்போச்சு."

அண்ணன் உள்ளே பார்த்து, கோழி அடிக்கச் சொன்னார். நாலு மணிக்குள் நாமக்கல்லில் இருக்க வேண்டும் என்று நான் கத்தியது தறிச் சத்தத்தில் போய்விட்டது. மணி பன்னிரண்டே முக்காலுக்குத்தான் இலை போட்டார்கள். இவர் மூன்று முறை குழம்பு ஊற்றிக்கொண்டார். பயம் போனாலும் இவருக்குப் பசிக்கும்.

பிற்பகல் 3.35, நாமக்கல். வரும் வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று இருபது நிமிஷம் தின்றுவிட்டது. பேருந்து நிலையத்திலிருந்து போக ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் ஏறியது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். அலுவலகத்துப் பெண் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சோறு கொண்டு போறப்பத்தான் சாமி" என்று தானாகவே சொன்னார்.

"அதுவும் சண்டைதானுங்க ஐயா. இது போதுமுங்க" என்றாள் அவள். இவர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

விண்ணப்பப் படிவத்தை நிரப்பினோம். பதக்கம் வர ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம் என்றாள். அதற்குள் விண்ணப்பதாரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் வாங்குவது என்று ஒரு கட்டம். இவர் பேனாவை வாங்கி, கொஞ்சமும் தயங்காமல், கந்தப்பன், வெண்ணந்தூர் என்று எழுதினார். பக்கத்தில் ஐம்பது வருஷத்துப் பெண்டாட்டி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்.

"ஐயா, சம்சாரம் இருக்கறப்ப மச்சான் பேரைப் போட முடியாதுங்க" என்றாள் அந்தப் பெண், என்னைப் பார்க்காமல். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அடித்துவிட்டு என் பெயரை எழுத வைத்தாள்.

5.20. மோகனூர் வண்டியில் இடம் கிடைத்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் இவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். "கோவிச்சுக்காத புள்ள. உனக்கு மொத வாரத்துலயே சொல்லிப்போட்டேன். அவருகிட்டத்தான் சொல்லாம உட்டுட்டேன். பதக்கம் வந்தா அவரு கையில குடுத்துக் காட்டோணும். நான் இல்லீனா நீ கொண்டு போயிரு."

"என்னால தனியா மூணு பஸ் மாற முடியாதுங்க" என்றேன். "நீங்க இருந்து, நீங்களே கொண்டு போங்க."