பெண்கள் கூடத்து ஃபோல்டர்

பாபநாசத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு முஸ்லிம் கல்யாணங்கள் வரத் தொடங்கியதே குத்தாலத்துச் சுமையா வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். ஆண்கள் பக்கம் நான் எடுப்பேன். பெண்கள் கூடத்துக்குள் அவள் மட்டும். அங்கே எடுத்த ஒரு படம் வெளி ஆண்கள் கண்ணில் பட்டாலும் போச்சு, அப்புறம் எந்த வீட்டிலும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

அதற்காகவே அவள் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி கம்ப்யூட்டர் புரோகிராம், எழுதி வைத்திருந்தாள். இரண்டு பேர் மெமரி கார்டையும் லேப்டாப்பில் கொட்டினால் போதும். அது ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புகுந்து, ஒவ்வொரு படமும் எந்தக் கேமராவில் எடுத்தது என்று பார்க்கும். அவளுடைய கேமரா என்றால் பெண்கள் ஃபோல்டருக்குத் தள்ளிவிடும். மிச்சம்தான் மண்டபத்துத் திரைக்குப் போகும்.

"நீங்க அசந்தாலும் அது அசராதுண்ணே" என்பாள். முதலாளியிடம் பேசுகிற பேச்சா இது!

ஜெக்கரியா பாய் மகள் கல்யாணத்தில், நிக்காஹ் தொடங்கும் நேரம் பார்த்து என் கேமரா மக்கர் செய்தது. சுமையாவைக் கேட்கலாமென்றால் பெண்கள் கூடத்துக்குள் நான் போக முடியாது. வெளியே அவள் வைத்திருந்த பையிலிருந்து அவளுடைய இன்னொரு கேமராவை எடுத்துச் சமாளித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாக் கார்டையும் லேப்டாப்பில் கொட்டியதும் திரை ஓடியது. வாசல் தோரணம் வந்தது. பிரியாணி தேக்சா நாலு கோணத்தில் வந்தது. மாப்பிள்ளை மட்டும் வரவேயில்லை.

"ஏம்ப்பா துரைராசு, தேக்சாவுக்கா நிக்காஹ் பண்ணி வச்சேன்?" என்று பாய் கத்தினார்.

சுமையாவை வரவழைத்து நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் கேமராவில் எடுத்ததால் நிக்காஹ் படங்களும் பெண்கள் ஃபோல்டருக்குப் போயிருந்தன.

"அப்ப அதை இங்கயே தொறம்மா. நான் பாத்து எடுத்துக்கறேன்" என்றார் பாய்.

"இங்க தொறக்க மாட்டேன் மாமா. உள்ள போய்ப் பிரிச்சு எடுத்துட்டு வர்றேன்."

"இது என் வீட்டுக் கல்யாணம்மா!"

"ஆமா மாமா. உள்ள இருக்கறதும் உங்க வீட்டுப் பொம்பளைங்கதான்."

அவள் லேப்டாப்பை மூடிக் கையில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்து நிக்காஹ் படங்களை ஓடவிட்டாள். பாய் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஸ்கிரிப்டை மொதல்ல திருத்தும்மா" என்றேன்.

"எதுக்குண்ணே? தப்பு நடந்தா மறைக்கற பக்கமே நடக்கட்டும்."

எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

அப்போது பெண்கள் கூடத்துக் கதவு கொஞ்சம் திறந்தது. பாயின் மனைவி கமருன்னிஸா நின்றிருந்தார்.

"சுமையா, நீ பேசினது உள்ள எல்லாருக்கும் கேட்டுச்சு. வாம்மா. பாஸ்போர்ட்டுக்குத் தவிர நான் போட்டோவுக்கு நின்னதே இல்ல. இன்னைக்கு எம்மகளோட நிக்கறேன், எடு."