கோபுரத்தைச் சுற்றிய வெள்ளிக் கோடு

சில மாதங்களுக்கு முன் ஓர் ஏகாதசியன்று மாலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றிருந்தோம். நான் விரதம்; என்னைப் பார்த்து, பத்து வயது மகள் மைதிலியும் காலையிலிருந்து பட்டினி. மஞ்சள் வெயிலில் கோபுரம் மிதப்பதுபோல் இருந்தது.

"அப்பா, கோபுரத்தைச் சுத்தி வெள்ளியா ஒரு கோடு நெளிஞ்சு நெளிஞ்சு மின்னுதுப்பா" என்றாள், தூக்கத்தில் பேசுகிறவள்போல்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பெருமாளே காட்சி கொடுத்துவிட்டார்! பக்கத்து வீட்டாரையெல்லாம் மாடிக்குக் கூட்டிவந்து, மகானைப் பெற்ற தகப்பனின் முகத்தோடு நடுவில் நின்றேன்.

கோடு மறைந்ததும் மகான் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

"காட்சி கிடக்கட்டும், ஆட்டோவைக் கூப்பிடுங்க!" என்று மனைவி போட்ட சத்தத்தில்தான் எனக்குச் சுயநினைவே வந்தது.

டாக்டர் நன்றாகப் பரிசோதித்துவிட்டு, "இது மைக்ரேன்ங்க. குழந்தைகளுக்கும் வரும். சிலருக்கு வலிக்கு முன்னாடி இப்படி வெளிச்சம் தெரியும். பட்டினி போட்டா கிளம்பிடும்" என்றார்.

இப்போது விரதம் எனக்கு மட்டும்தான். அவளுக்கு வேளைக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். கோடு மின்னத் தொடங்கியதும் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தைத் தந்து, ஜன்னலில் என் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்வேன். அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல் அமைதியாகிவிடும்.

போன வாரம் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பா, நீங்க பேசாம இருந்தாலே பாதி வலி போயிடுதுப்பா."

வாயை மூடிக்கொண்டேன். தூங்கும்வரை அவள் என் விரலை விடவில்லை.