ஜனாதிபதிக்குக் கோப்பை கழுவியது யார்?

கடிதம் வந்தது அண்ணைக்கு. பயம் பிடித்தது எனக்கு.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவரல்ல. ஜேர்மனியின் வுப்பர்டால் அகதி முகாமில் எனக்கு மேல்கட்டிலில் படுத்தவர். அவருடைய குறட்டையைக் கேட்டு வளர்ந்த உரிமையில் அண்ணை என்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை போன் எடுத்தார்.

"உடன வா. போனில கதைக்க ஏலாது."

எங்கள் ஆட்கள் மத்தியில் போனில் கதைக்க ஏலாத விஷயங்கள் இரண்டுதான். ஒன்று, பேசிய கலியாணம் குழம்புவது. மற்றது, விசாப் பேப்பர் விஷயம். அண்ணைக்கு ஒரே மகள், அவளுக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கவில்லை. ஆகவே பேப்பர்தான். போகும் வழியிலேயே எனக்கு வியர்க்கத் தொடங்கிவிட்டது. வெளியே இரண்டு பாகைக் குளிர்.

கடிதம் மேசையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அண்ணை இருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியோடு சாய்ந்து, தூரத்தில் நின்றார். கடிதத்துக்குக் காது இருப்பதுபோல மெல்லிய குரலில், "வாசி" என்றார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகக் கொலோனில் வேலைசெய்யும் ஆய்வாளர் பெண்மணி ஒருவர் எழுதியிருந்தார். ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் ஆட்சிக்காலத்தைப் பற்றிய பத்திரங்களையும் படங்களையும், அந்தக் காலத்தை நேரில் கண்டவர்களின் வாய்மொழி நினைவுகளையும் சேர்க்கிறார்களாம். அந்த ஜனாதிபதி ஒருமுறை ரைன் நதிக்கரை ஹோட்டல் ஒன்றில் தங்கினார். அன்று சமையலறையில் வேலைசெய்தவர்களின் பட்டியல் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் அண்ணையின் பெயருக்கு நேரே சரி அடையாளம் போட்டிருக்கிறது. ஆகவே அண்ணையின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறார்கள். இரண்டு மணித்தியாலம். அன்புடன்.

"அன்புடன் எண்டு போட்டிருக்கு அண்ணை."

"அவங்கள் எப்பவும் அப்பிடித்தான் போடுவாங்கள். நாடு கடத்திற கடிதத்திலயும் அன்புடன்தான்."

ஒரு சிக்கல் இருந்தது. அன்று அந்தச் சமையலறையில் அண்ணை இல்லை. நான்தான் நின்றேன்.

அப்போது அண்ணை அந்த ஹோட்டலில் கோப்பை கழுவினார். அவரிடம் வேலை அனுமதி இருந்தது. என்னிடம் இருந்தது, "உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பமாட்டோம்" என்று சொல்லும் மடித்த காகிதம் மட்டுமே. வேலைசெய்ய எனக்கு அனுமதி கிடையாது. ஜனாதிபதி வருகிற அன்று காலை நிறைமாதமாயிருந்த அண்ணையின் மனைவிக்கு வயிற்றுக்குத்து தொடங்கிவிட்டது. அண்ணை வேலைக்குப் போகாவிட்டால் வேலை போகும். வேலை போனால் அனுமதி போகும். அனுமதி போனால் விசாவும் போகும். ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் தன்னுடைய பாஸைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். அதிலிருந்த படம் முத்திரை அளவுதான். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி மீசை. வாசலில் நின்ற அமெரிக்கக் காவலர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய நாய்தான் என்னைச் சந்தேகப்பட்டது. அதுவும் என் பையிலிருந்த மீன்பொரியலை மணந்துவிட்டு என்னை நல்லவன் என்று முடிவுசெய்தது.

அந்தப் பழைய திருகுதாளம் இப்போது ஏன் குத்துகிறதென்றால், இத்தனை வருடமும் வதிவிட அனுமதியோடு சும்மா இருந்த அண்ணை, மகளின் நச்சரிப்புத் தாங்காமல் ஜேர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். பதில் இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து இந்தக் கடிதம்.

"உது குடியுரிமை ஒஃபீஸ்காரற்ற வேலைதான்" என்றார் அண்ணை. "நேர கேட்டால் சொல்லமாட்டம் எண்டு அமெரிக்காவைப் பிடிச்சுக் கேக்கினம்."

வுப்பர்டால் நகரசபை ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் காப்பகத்தை ஏவி அண்ணையைப் பிடிக்கிறது என்ற யோசனையில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதாக எந்த மூளையுள்ள மனிதனுக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. "ஓம் அண்ணை, அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

அடுத்த இரண்டு கிழமையும் நான் நடந்துகொண்ட விதத்தை என் மனைவி இன்றுவரை விருந்துகளில் நடித்துக் காட்டுகிறாள். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வெள்ளை வான் இருபது நிமிடம் நின்றது. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அதன் இலக்கத்தை எழுதிவைத்தேன். மூன்றாம் மாடிக்கு உடுப்புத் தோய்க்கும் மெசின் இறக்கிவிட்டுப் போனார்கள். "மெசினுக்குள்ள ஆள் இருக்கும்" என்று மனைவி சொன்னாள். பகிடிக்குச் சொல்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

யார் காட்டிக்கொடுத்தது என்பதையும் ஆராய்ந்தேன். பட்டியலில் பெயர் இருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் கழித்து முகவரி எப்படிக் கிடைத்தது? தமிழ்க் கடைக்காரரைச் சந்தேகித்தேன், சென்ற மாதம் கறிவேப்பிலைக்குக் காசு வாங்க மறுத்தார் என்பதற்காக. பிறகு மனைவியைச் சந்தேகித்தேன். கடைசியில், நானே எங்காவது குடித்துவிட்டு உளறியிருப்பேனோ என்று என்னையும் சந்தேகித்தேன். சந்தேகப் பட்டியலில் அதிக புள்ளி வாங்கியது நான்தான்.

"ஏலாது எண்டு எழுதிவிடுங்கோவன்" என்றேன் அண்ணையிடம்.

"ஏலாது எண்டால் ஏன் ஏலாது எண்டு கேப்பினம். அகதி விசாரணைக்குப் போகாமல் விட்டவனுக்கு என்ன நடந்தது?"

எங்கள் ஆட்களுக்குக் 'கேஸ்' என்று ஒன்று உண்டு. அகதி விசாரணையில் சொன்ன கதைதான் கேஸ். எதிரே ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், நடுவில் ஒலிப்பதிவுக் கருவி. ஒருமுறை சொன்னதைப் பிறகு ஒரு சொல்லும் மாற்றக்கூடாது. வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கேஸைத்தான் சொல்லுவோம். உண்மையைச் சொன்னால் அதுகள் பாலர் பாடசாலையில் போய்க் கக்கிவிடும். அண்ணையின் மகளும், தான் பிறந்தபோது அப்பா ஜனாதிபதிக்குக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார் என்ற கேஸைக் கேட்டே வளர்ந்தவள்.

எதிரே ஒருவர், நடுவில் ஒலிப்பதிவு என்றதும் எங்களுக்கு அது விசாரணைதான். ஆகவே விசாரணைக்குத் தயாராவதுபோலவே தயாரானோம். மலிவுக்கடையொன்றின் கார் தரிப்பிடத்தில், என் காருக்குள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒத்திகை.

"சமையலறைக்கு எத்தனை கதவு?" என்று நான் அதிகாரிக் குரலில் கேட்டேன்.

"ரெண்டு."

"மூண்டு. குப்பை வைக்கிற பக்கம் ஒண்டு."

"நான் வேலை செய்யேக்க ரெண்டுதான் இருந்தது."

"அண்டைக்கு மற்றதைத் திறந்துவிட்டவங்கள் அண்ணை. நாய் போய்வர."

"நாய்க்கும் கதவோ! சரி, மூண்டு."

"ஜனாதிபதி வந்து என்ன செய்தவர்?"

"கை தந்தவர்."

"எந்தக் கை?"

அண்ணை தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "டேய், நீ மனிசனாடா? அதையெல்லாம் கேப்பினமோ?"

"அகதி விசாரணையில என்னட்டை, ஆமிக்காரன்ர சப்பாத்து என்ன நிறம் எண்டு கேட்டவங்கள்."

அவர் உடனே வலது கை என்று மனப்பாடம் பண்ணத் தொடங்கினார். அண்ணையிடம் மொழிச் சான்றிதழுக்குப் போதுமான ஜேர்மன் இருந்தது. ஆனாலும் என்னை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ள முடிவெடுத்தார். பிழைத்தால் பழியை மொழிபெயர்ப்பாளரின் தலையில் போடலாம் என்பது எங்கள் சமூகத்தின் நீண்டகால சட்ட அறிவு. மகள் மருந்துக்கடையில் வேலைக்குப் போயிருக்கும் ஒரு வியாழக்கிழமை காலைக்கு டெர்மின், அதாவது சந்திக்க நேரம், கொடுத்தார். அவளுக்கு இதெல்லாம் தெரியவே கூடாது.

வியாழக்கிழமை நான் மணியை அடித்தபோது கதவைத் திறந்தது மகள். கையில் கேக்.

"மாமா! நீங்களும் வந்திட்டீங்களா? நான் இண்டைக்கு லீவு போட்டனான்."

உள்ளே அண்ணை இருந்த கோலத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. காட்டிக்கொடுத்தவள் இவள்தான். ஜனாதிபதியின் வருகையின்போது பின்னணியில் வேலை செய்தவர்களைத் தேடுகிறோம் என்ற அறிவிப்பை இணையத்தில் கண்டு, அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பெயரையும் முகவரியையும் அவளே அனுப்பியிருக்கிறாள். நான் சந்தேகப்படாத ஒரே ஆள்.

ஆய்வாளர் பெண்மணி சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சாதாரண உளவாளிகள் கழற்றமாட்டார்கள், இவர் தேர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். கருவியை மேசையில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணை கைகளைத் தொடைகளின்மேல் வைத்து, பாடசாலைப் பிள்ளைபோல நிமிர்ந்தார்.

முதல் கேள்வி: அன்று காலை சமையலறை எப்படி இருந்தது?

நான் தமிழில் கேட்டேன். அண்ணை சொன்னார்: "மூண்டு கதவு."

நான் அதை ஜேர்மனுக்கு மாற்றினேன். மூன்று கதவுகள், நாய், சமையல்காரர் பயத்தில் ஒரே சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டது, எல்லாம் வந்தன. ஒன்றரை நிமிடம் எடுத்தது. பெண்மணி மலர்ந்து எழுதினார். மகள் என்னைப் பார்த்தாள்.

"ஜனாதிபதியைச் சந்தித்தீர்களா?"

அண்ணை: "ஓம். வலது கை."

நான்: தான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று உள்ளே வந்ததாகவும், பதற்றத்தில் றப்பர் கையுறையைக் கழற்ற மறந்து அப்படியே கை கொடுத்துவிட்டதாகவும், ஜனாதிபதியின் சட்டைக் கையில் நுரை ஒட்டிக்கொண்டதாகவும், அதை அவர் பார்த்துவிட்டுச் சிரித்ததாகவும் சொல்கிறார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனித்தது. இத்தனை வருடமும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவன் நான். என் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய பகிடியை அண்ணையின் பெயரில் விட்டுவிட்டு, விருந்துகளில் அவர் அதைப் பிழையாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கைக் கண்டதும் பயம் போய், நாக்கு அவிழ்ந்துவிட்டது.

"மாமா," என்றாள் மகள் தமிழில், "அப்பா மூண்டு சொல்லுத்தானே சொன்னவர்?"

தமிழும் ஜேர்மனும் தெரிந்த ஒருத்தி அறைக்குள் இருக்கிறாள் என்பதை இரண்டு கிழமை ஒத்திகை பார்த்த மேதை அப்போதுதான் உணர்ந்தேன். பதில் சொல்லுமுன் பெண்மணி கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து அண்ணைக்கு முன்னால் வைத்தார். காப்பகத்திலிருந்து வந்த பிரதியாம். இதில் நீங்கள் யார் என்று காட்ட முடியுமா?

மூன்று பேர். நடுவில் நின்றவனுக்கு மஞ்சள் கையுறை, பெரிய மீசை, திருடனைப்போல ஒரு முழி. அந்த முழியை மீசை எடுத்த பிறகும் நான் மாற்றவில்லை.

அண்ணை படத்தைத் தொடவில்லை. மகள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது மாமா."

நான் சட்டென்று ஜேர்மனில், படம் தெளிவில்லை, தமிழர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள் என்று சொன்னேன். வாழ்நாள் முழுக்க யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகிறவன் நான்.

மகள் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள் அப்பா?"

அண்ணை கருவியைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. எனக்கு அவருடைய விண்ணப்பம் கண்ணுக்குத் தெரிந்தது. நகரசபையில் ஏதோ ஒரு தட்டில், யாரோ ஒருவரின் முத்திரைக்காகக் காத்திருக்கும் அந்தக் காகிதங்கள். "அண்ணை, வேண்டாம்" என்றேன்.

"அப்பா?"

"உன்னோடதான் நிண்டனான்" என்றார் அண்ணை. "ஆஸ்பத்திரியில. நீ பிறந்தோடன தாதி முதல் என்ர கையிலதான் தந்தவ. அம்மா மயக்கமா இருந்தவ. நீ கண்ணை மூடிக்கொண்டு என்ர விரலைப் பிடிச்சனி. விடேல்லை. தாதி வந்து கழற்றினவ."

மகள் கதிரையில் இருந்தாள். அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளிலும் அந்த ஜனாதிபதிக் கதை சொல்லப்படும், நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். அவள் எதைக் கேட்டுச் சிரித்தாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"விசா" என்றார் அண்ணை.

பெண்மணி மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். எத்தனையோ பொய் கைவசம் இருந்தது. நான் அண்ணையைப் பார்த்தேன்.

"சொல்லு" என்றார். "கூட்டாமல் குறைக்காமல் சொல்லு."

சொன்னேன். பாஸ் மாற்றியதையும் சொன்னேன். ஓர் இடத்தில் ஜேர்மன் வினைச்சொல் மறந்து மகள் எடுத்துக்கொடுத்தாள். பெண்மணி கைது செய்யவில்லை. இப்படிப் பட்டியலும் ஆளும் பொருந்தாத இடத்துக்காகத்தான் வாய்மொழிப் பதிவே செய்கிறோம் என்றார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். பதிவை உடனே திறந்துவிடலாம், அல்லது நீங்கள் சொல்லும் காலம்வரை யாருக்கும் காட்டாமல் பூட்டிவைக்கலாம்.

"நூறு வருஷம்" என்றேன் நான்.

"பொறடாப்பா" என்ற அண்ணை, கட்டத்துக்குள் மகளைக்கொண்டு எழுதுவித்தார்: எனக்குக் குடியுரிமைப் பதில் கிடைக்கும்வரை.

"கிடைக்கும் எண்டு வந்தாலும், கிடைக்காது எண்டு வந்தாலும் பதில் பதில்தான்" என்றார் என்னிடம். "அதுக்குப் பிறகு ஆரும் கேக்கட்டும்."

மகள் கதிரையை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். எத்தனை மணிக்குப் பிறந்தேன், அழுதேனா, அம்மா முழித்ததும் என்ன சொன்னா என்று கேட்கத் தொடங்கினாள். அண்ணைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒத்திகை பார்க்காமலேயே இருந்தது. இந்தமுறை மொழிபெயர்த்தது அவள்தான். நான் கேக் வெட்டப் போய்விட்டேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அண்ணையின் குடியுரிமை வந்தது. நகரசபைக்காரர் கோப்பை கழுவியதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லையாம். அது இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது எனக்கு. அண்ணை போன் எடுத்து, "அந்த மனிசிக்கு எழுது, திறக்கட்டாம்" என்றார். எழுதி அனுப்பினேன்.

பதிவு இப்போது திறந்திருக்கிறது. அந்த ஜனாதிபதியின் ஆட்சியை ஆராயப் போகும் எவரும் அதைக் கேட்கலாம். ஜனாதிபதி நாலு நிமிடம் வருகிறார். மிச்சம் ஒன்றரை மணித்தியாலமும் ஒரு பிள்ளை பிறக்கிறது.