பின்வாசலில் கிடந்த முதுகெலும்பு

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப்போன கடல் ஊர்வன இனம் ஒன்றை நான் தங்கச்சிமடத்தில் கண்டுபிடித்துவிட்டதாக முகநூலில் அறிவித்தேன். நானாகத்தான் அறிவித்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கல்லூரியில் என்னோடு படித்தவன் வீட்டுக்குப் போயிருந்தேன். விசைப்படகு வைத்திருக்கிறான். பின்வாசலில் அவன் மனைவி வட்டமான ஒரு கட்டையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்ததும் பார்த்தேன். கட்டையல்ல, எலும்பு; தேய்ந்து, இரு பக்கமும் லேசாகக் குழிந்த முதுகெலும்புத் துண்டு. இக்தியோசர் என்றேன். மீன் உடம்பும் பல்லி வம்சமுமாக டைனோசர் காலத்துக் கடலில் திரிந்த பிராணி. அரியலூர்ப் பக்கம் அதன் புதைபடிவங்கள் கிடைத்திருப்பதாக அந்த வாரம்தான் படித்திருந்தேன். படித்ததை உடனே எங்காவது இறக்கிவைக்காவிட்டால் எனக்குச் செரிக்காது.

"எங்க அய்யா கரையில கெடந்துச்சுன்னு எடுத்தாந்ததுடா," என்றான் நண்பன். நான் காதில் வாங்கவில்லை. அவன் மடியில் எலும்பை வைத்து, சிரிக்கச் சொல்லி, அவன் வீட்டு வாசலில் படம் எடுத்தேன். ஊர்ப்பெயரோடு போட்டேன்.

மறுநாள் காலை, பாராட்டுகளுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: 'இது கல்லாகவே மாறவில்லை. திமிங்கில எலும்பு. வைத்திருப்பதே குற்றம்.' பதிவை அழிப்பதற்குள் நண்பனின் போன் வந்தது.

"வனத்துறை ஜீப் வந்து நிக்கிது. உள்ள தூக்கிப் போட்டுருவாய்ங்க போலடா. வாரியா?"

வனத்துறை அலுவலகத்தில் அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்குப் பதிந்தால் ஜாமீன் கிடைப்பதே கஷ்டம் என்றார்கள். அது திமிங்கிலம் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது எனக் காட்டுவதுதான் அவனைக் காப்பாற்ற இருந்த ஒரே வழி. அதற்கு என் பதிவைவிடப் பலமான சான்று கிடையாது. அதிகாரி அதை வாய்விட்டே படித்தார், தமிழகத்தின் கடல் வரலாறு இனி திருத்தி எழுதப்படும் என்ற வரி வரைக்கும்.

"நெசமாவே நம்புனீங்களா சார்?"

"நம்பினேன் சார்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

சொன்னேன். அவர் பதிவை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

எலும்பைப் பறிமுதல் செய்து, இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று அனுப்பினார். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தெருவில் எந்த ஜீப் நின்றாலும் நண்பன் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிடுகிறானாம்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது புது மர மணை ஒன்று வாங்கிப் போனேன். அவன் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, அடுத்த தடவ எதையாச்சும் கண்டுபிடிச்சீகன்னா, ஒங்க வீட்டு வாசல்ல வச்சுப் போட்டோ எடுங்க."