ஹலால் சொல்ல மறுத்தவள்

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வாசலில் வந்து நின்று, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சு ஹலால் பண்ணிடுங்க" என்று கேட்பார். நாம் "ஹலால், நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஈரானில் எங்கள் ரஷ்த் நகரத்தில் இதற்கு இல்லை என்று சொன்னவரை நான் கண்டதில்லை. மாமியாரை மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய மருமகனுக்குக்கூட அந்த வார்த்தை கிடைத்திருக்கிறது. ஷம்சிதான் முதன்முதலாக மறுத்தாள். அன்று கடையில் நான் இருந்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

நகராட்சிச் சதுக்கத்துக்குப் பின்சந்தில் எங்கள் கடை. அவள் தட்டச்சு, நான் ஜெராக்ஸ். விவாகரத்து மனு, உயில், கல்லூரிக் கட்டுரை எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். ஷம்சிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. காலை பத்து மணிக்கே ஊறவைத்த பூண்டைத் தின்றுவிட்டு, அவசரப்படுத்துகிற ஆளின் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசுவாள். ஆள் இரண்டடி பின்னால் போய்விடுவார்.

அவளுக்கு ஈரஜ் என்று ஒரு தம்பி இருந்தான். மின்வேலை பார்த்தவன். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு மிச்சம் பிடித்த காசில் ஒரு சின்ன சினிமா கேமரா வாங்கினான். புரட்சி முடிந்த கையோடு ஊரில் கூட்டம் இல்லாத நாளே கிடையாது. நூல் ஆலைத் தொழிலாளர்களும் ஆஸ்பத்திரி நர்சுகளும் கூடிப் பேசியதை அவன் படம் பிடித்தான். மூன்றாம் வருடம் புரட்சிக் கமிட்டிக்காரர்கள் வீடு வீடாக ஆட்களைப் பிடித்துப் போக ஆரம்பித்ததும், சுருள்களைப் பக்கத்து வீட்டுச் சிநேகிதனிடம் கொடுத்து அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்து வைக்கச் சொன்னான். அந்தச் சிநேகிதன் பெயர் நொஸ்ரத். அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்கவும்.

நொஸ்ரத் சுருள்களைத் தூக்கிக்கொண்டு நேராகக் கமிட்டிக்குப் போனான். சுவரில் படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொன்னான். இதைச் சொன்னது ஆறு வருடம் உள்ளே இருந்து திரும்பிய ஒரு நர்சு. சுவரில் தெரிவது உன் முகம்தானே என்று கேட்பதற்காக அவளுடைய கண்கட்டை அவிழ்த்திருக்கிறார்கள். அப்போது அவனைப் பார்த்துவிட்டாள்.

ஈரஜை அந்த இலையுதிர் காலத்திலேயே சுட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது ஒரு பை. அதில் ஒரு சீப்பும் மூக்குக் கண்ணாடியும் இருந்தன. எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை ஊரே அல்வாவும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும். ஷம்சியின் அம்மா சிறைச்சாலை வாசலுக்குப் போவாள். அப்படிப் போய்ப் போயே அந்த மனுஷி செத்தாள்.

பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து வீடு. ஷம்சி அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனோ கலாசார அலுவலகத்தில் மேலே மேலே போய், கடைசியில் தன் வரலாறும் எழுதிவிட்டான். எங்கள் ஊர்ப் பதிப்பாளர் அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சுக்கு எங்கள் கடைக்கே அனுப்பினார். யார், எவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதில் அந்தக் கூட்டங்களை உயிரைப் பணயம் வைத்துப் படம் பிடித்தது நொஸ்ரத். கேமரா வாங்கப் பட்டினி கிடந்ததும் நொஸ்ரத். ஈரஜ் என்ற பெயர் இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. தொலைக்காட்சிக்காரர்கள் அதைச் சினிமாவாக எடுக்கப் போவதாகவும் பேச்சு.

"ஷம்சி ஜான், என் கண்ணே, நடுவுல நாலு வரி சேர்த்துடு. எந்த நாய் பார்க்கப் போகுது?" என்றேன்.

"மாட்டேன். நான் சேர்த்தா அது என் வார்த்தை. எனக்கு அவன் வார்த்தை வேணும், அக்தஸ்" என்றாள். ஓர் எழுத்து பிசகாமல் முழுவதையும் தட்டி முடித்தாள். முடிக்கும்வரை அவள் பூண்டுகூடத் தின்னவில்லை.

அந்த வருடமே அவனுக்கு ஹஜ் முறை வந்தது. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது இனிப்புப் பெட்டியும் கையுமாகக் கடைக்கு வந்தான். கூட மனைவி, தெருப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர். இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் அவர்கள் அவனை ஹாஜி, ஹாஜி என்கிறார்கள்.

"அக்கா, தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாவது செஞ்சிருந்தா…"

ஷம்சி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "தெரியாம செஞ்சதெல்லாம் ஹலால். தெரிஞ்சு செஞ்சதைச் சொல்லு."

அவன் முழித்தான். அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "எங்க கூரைத் தண்ணி உங்க முற்றத்துல விழுமே, அது…"

"கூரைத் தண்ணி ஹலால். அடுத்தது?"

பெரிய மனிதர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். "அடுத்தது ஒண்ணும் இல்லையே, அக்கா" என்றான் நொஸ்ரத்.

"நான் உனக்கு அக்கா இல்ல. அடுத்தது இல்லைன்னா ஹலாலும் இல்ல. பெட்டியை எடுத்துட்டுப் போ."

சாயங்காலத்துக்குள் மீன் சந்தை வரைக்கும் செய்தி போய்விட்டது. ஹஜ் குழுத் தலைவர் அவனைக் கூப்பிட்டு, மனிதனுக்குச் செய்ததை மனிதன்தான் மன்னிக்க வேண்டும், ஆண்டவன் அதில் தலையிட மாட்டான் என்றாராம். மறுநாள் அவன் மனைவி அழுதுகொண்டே வந்தாள். பாவம், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

"ஷம்சி ஜான், ஒரே ஒரு வார்த்தைதானே? சொன்னா உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

"எங்கம்மாவும் ஒரு வார்த்தைதான் கேட்டா. எங்க புதைச்சீங்கன்னு. பக்கத்து வீட்டுல இருந்தீங்க, நீங்க சொன்னீங்களா?"

அவன் மனைவி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

நான்காம் நாள் காலை, கொட்டுகிற மழையில் நொஸ்ரத் தனியாக வந்தான். குடையை மடக்கவும் தோன்றாமல் நின்றான். ஷம்சி புதுத் தாளை வைத்தாள். "உட்காரு. நீ சொல்லு, நான் தட்டறேன்."

சொன்னான். முதலில் மென்று விழுங்கினான். பெயர்களுக்கு வந்ததும் தடங்கலே இல்லை. பதினோரு பேர். அப்பன் பெயரோடு, தெருவோடு, ஆலையில் எந்தப் பிரிவு என்பதோடு சொன்னான். பதினெட்டு வருடம் கழித்து ஒன்றைக்கூட மறக்கவில்லை, பாவி. அதைக் கேட்டபோது அவன் மண்டையில் ஜெராக்ஸ் மெஷினைத் தூக்கிப் போடலாமா என்று இருந்தது எனக்கு. ஷம்சி தட்டிக்கொண்டே போனாள்.

"ஈரஜ் முகம் படத்துல இல்லையே. படம் எடுத்தது யாருன்னு உன்னைக் கேட்டாங்களா?"



"கேக்கல."

"அப்புறம்?"

"நானா சொன்னேன்."

ஷம்சி அதையும் தட்டினாள், கேள்வியும் பதிலுமாக அப்படியே. "அன்னைக்கு எடுத்தது ஈரஜ்னு சொன்னே. புத்தகத்துல நான்தான் எடுத்தேங்கிறே. நல்லா இருக்கு" என்றாள். அவன் கையெழுத்துப் போட்டான், கட்டைவிரலை மையில் தோய்த்து ரேகையும் வைத்தான்.

"அக்தஸ், பதினோரு நகல்" என்று தாளை என் பக்கம் நீட்டினாள். என் மெஷின் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுத்தமாக ஓடியதில்லை.

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பெரிய சுமை இறங்கியவன் போல மூச்சு விட்டான். "எல்லாம் சொல்லிட்டேன், ஷம்சி அம்மா. இப்போ அந்த வார்த்தையைச் சொல்லுங்க."

"மாட்டேன்."

"என்ன? சொல்லச் சொன்னீங்களே! வாக்குத் தந்தீங்களே!"

"எப்போ தந்தேன்? தெரிஞ்சு செஞ்சதைச் சொல்லுன்னேன், சொன்னே. இத்தனை நாளா எதை மன்னிக்கலைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இனிமே ஊருக்கே தெரியும்."

அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். நான் சூட்டோடு சூடாக நகல்களை அடுக்கி அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒவ்வொரு நகலின் தலையிலும் ஒரு குடும்பத்தின் பெயரைப் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். தலை நிமிராமலே பேசினாள்.

"இங்க ஏன் உட்கார்ந்திருக்கே? மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் இது போயிடும். விமானத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. பதினோரு வீட்டுப் படி ஏறணும் நீ."