பெர்லினும் எங்கள் வேலிப் பொட்டும்

எங்கள் ஊர் வாசிகசாலைச் சுவரில் ஐரோப்பாவின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. ஒட்டியவர்கள் என் கணவரும் என் அண்ணையும். யுத்தம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஜெர்மனியை ஒன்றுசேர்ந்து வென்றவர்கள் தங்களுக்குள் முறைத்துக்கொண்டு நின்ற காலம். பின்னேரங்களில் இவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். எந்த நாடு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்து, ரஷ்யாவின் பக்கத்துக்குச் சிவப்புப் பென்சிலும் அமெரிக்காவின் பக்கத்துக்கு நீலப் பென்சிலும் இருவரும் தீட்டுவார்கள். இவர் இங்கிலீசு வாத்தியார், அதனால் நீலம். அண்ணை புகையிலைத் தோட்டக்காரர். கொழும்பிலிருந்து வரும் இடதுசாரிப் பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பவர். அவர் சிவப்பு.

எங்களுடையது மாற்றுச் சம்பந்தம். அண்ணை இவருடைய தங்கையை, என் மச்சாளை, கட்ட, அதே பந்தலில் இவர் என்னைக் கட்டினார். சீதன வீடு பெண்ணுக்குத்தான் என்பதால் மச்சாளும் நானும் பிறந்த, அடுத்தடுத்த வளவுகளிலேயே இருந்துவிட்டோம். ஆண்கள் இருவரும் வேலியைக் கடந்து வீடு மாறினார்கள். அந்த நடுவேலியில், குனிந்தால் ஒரு ஆள் போகக்கூடிய ஓட்டை, பொட்டு என்போம், ஒன்று இருந்தது. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே அது இருந்தது. மச்சாளும் நானும் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அதற்குள்ளால் போய் வந்திருப்போம் என்று சொல்லத் தெரியாது. எனக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வீட்டிலும் பெற்றவர்கள் காலமாகிவிட்டார்கள். மனம்விட்டுக் கதைக்க எனக்கிருந்தது அவள் ஒருத்திதான்.

சண்டை பெர்லினால் வந்தது. அந்த நகரம் ரஷ்யாவின் பகுதிக்கு நடுவில் கிடந்தது. நடுவில் கிடப்பதால் முழுக்கச் சிவப்பு என்றார் அண்ணை. பாதி நீலம் என்றார் இவர். படத்தில் அது என் சின்னி விரல் நகத்தளவு இருக்கும். அந்த நகத்தளவுக்காக ஒருவர் மற்றவரை வெள்ளைக்காரனின் வாலென்றார்; மற்றவர் படிப்பறிவில்லாத தோட்டக்காரன் என்றார். வாசிகசாலை இரண்டு கன்னையாகப் பிரிந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு நாளில் சரிவரும் என்று நினைத்தேன்.

மாரிக்கு முன் வேலி அடைக்கும் நாள் வந்தது. அந்த வேலி எங்கள் பொறுப்பு. வழக்கமாகப் பொட்டை விட்டுவிட்டுத்தான் தென்னோலைக் கிடுகு கட்டுவார்கள். அன்று இவர் வேலையாளிடம், "அதையும் சேர்த்து அடை" என்றார். வேலையாள் என்னைப் பார்த்தான். நான் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இவர் பிறந்த வீடு வேலிக்கு அந்தப் பக்கம். அண்ணை பிறந்த வீடு இந்தப் பக்கம். அது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு மச்சாள் ஒரு சத்தமாகிப் போனாள். உரல் இடிக்கும் சத்தம், கோழியைக் கலைக்கும் சத்தம். ஒரு காலையில் வேலியோரம் அவள் ஓங்காளித்துச் சத்தி எடுப்பது கேட்டது. அடுத்த நாளும் கேட்டது. அவளுக்குப் பிள்ளை தங்கியிருப்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. புளிக்கஞ்சி வைத்தேன், கொடுக்க வழியில்லாமல் நானே குடித்தேன். பெர்லினுக்குப் போகும் தெருவையெல்லாம் ரஷ்யா மறித்துவிட்டதாம், விமானத்தில் மாவும் நிலக்கரியும் கொண்டுபோய் இறக்குகிறார்களாம் என்று இவர் சாப்பிடும்போது பெருமையாகச் சொல்வார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் இவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருப்பேன். வெளியே ஒழுங்கைத் தெருவால் சுற்றிப் போயிருக்கலாம். ஆர் முதல் போவது என்பதில் நானும் ஒரு கன்னைக்காரிதான்.

சித்திரை விடுமுறை, நல்ல வெயில். அண்ணை சாவகச்சேரிச் சந்தைக்குப் போயிருந்தார். இவர் விறாந்தையில் பத்திரிகையோடு இருந்தார். வேலிக்கு அப்பால், பொட்டு இருந்த இடத்திலிருந்து, மச்சாளின் குரல் வந்தது.

"மச்சாள், ஒருக்கா வாங்கோ."

நான் இவரைப் பார்த்தேன். கூப்பிடுவது இவருடைய சொந்தத் தங்கை. பத்திரிகை அசையவில்லை. 'போ' என்று ஒரு சொல் சொல்லட்டும் என்று நின்றேன். அவள் மூன்று தரம் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

ஒழுங்கையால் போன மீன்காரி ஒருத்தி முனகல் கேட்டுக் கடகப் பெட்டியை இறக்கிவிட்டு மச்சாள் வீட்டுக்குள்ளே ஓடியிருக்கிறாள். குசினி நிலத்தில் அவள் கையிலேதான் பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மாதம் ரஷ்யா தெருக்களைத் திறந்துவிட்டது. அந்தச் செய்தியை வாசிகசாலையில் யார் வாசித்தார்களோ தெரியாது. இவரும் அண்ணையும் ஒன்றாக நடந்து வந்தார்கள். அண்ணையே கத்தி எடுத்துப் பொட்டை வெட்டித் திறந்தார். இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். அவர்களுக்கு அவ்வளவுதான்.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் "மாமி" என்று அந்தப் பொட்டுக்குள்ளால்தான் வருவாள். அவளுடைய தாய் மட்டும் ஒழுங்கையால் சுற்றி வந்து, வாசல் படலையில் நின்று, "வீட்டிலை ஆக்கள் நிக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்தாள். கறி கொண்டுவந்தாள். கோபம் என்று ஒரு நாளும் காட்டவில்லை.

இவரிடம் அந்தப் பகலைப் பற்றி ஒரே ஒரு தரம் கேட்டேன்.

"நீ போவாய் எண்டு நினைச்சன்," என்றார்.

கடைசியில் ஒரு நாள் மச்சாளிடமும் கேட்டேன். "ஏன் இந்த வெயிலுக்கை சுத்தி வாறியள்? பொட்டாலை வரலாம்தானே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அங்கையிருந்து கூப்பிட்டா உங்களுக்குக் கேளாது, மச்சாள்."

நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.